டிரான்ஸென்டென்டலிசத்தை கிளாஸ்ல எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

உங்க கேள்வி சுருக்கமா இதுதான்: பி.ஏ. இங்கிலீஷ் பசங்களுக்கு அமெரிக்கன் லிட்டரேச்சர் பேப்பர், அதுல டிரான்ஸென்டென்டலிசம்னு பத்தொன்பதாம் நூற்றாண்டு சிந்தனை இயக்கம், அதோட எழுத்தாளர்களா எமர்சனும் தோரோவும் இருக்காங்க, டெஃபனிஷன்ல ஆரம்பிச்சா யாருக்கும் ஒட்ட மாட்டேங்குது, எமர்சன் கட்டுரையை வாசிக்க ஆரம்பிச்சா ரெண்டாவது பாராவுலயே முகம் மாறிடுது, கடைசில கைடுல இருக்கற "இயற்கை, தனிமனிதன், உள்ளுணர்வு"ங்கற மூணு பாயின்ட்டை எழுதிட்டு போயிடறாங்க, இதை எப்படி மாத்தறது.

என் பதில், டெஃபனிஷனை கடைசி கிளாஸுக்கு தள்ளுங்க. இதோட வேர் ஜெர்மன் தத்துவவாதி கான்ட், இங்கிலீஷ் கவிஞர் கோல்ரிட்ஜ், மனசுதான் அடிப்படைங்கற ஜெர்மன் ஐடியலிசம்னு சொல்றதெல்லாம் உண்மைதான், ஆனா அதுல ஆரம்பிச்சா பசங்க இதை எங்கயோ இருக்கற ஒரு தத்துவம்னு நினைச்சு மூடி வச்சிடுவாங்க. பாஸ்டனுக்கு பக்கத்துல கான்கார்ட்னு ஒரு சின்ன ஊர், ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் நடந்தே போயிட்டு வர்ற தூரத்துல இருந்த சில பேர் ஒரே ஒரு விஷயத்தை நிஜமாவே நம்பினாங்க: உண்மை என்னன்னு தெரிஞ்சுக்க ஒவ்வொரு மனுஷனுக்குள்ளயும் நேரடியா ஒரு வழி இருக்கு, நடுவுல பாதிரியாரோ சர்க்காரோ பழைய புஸ்தகமோ வந்து கையெழுத்து போடத் தேவையில்ல. அப்படி நம்பின ஆள் வரி கட்டலாமா, சர்ச் வேலையில இருக்கலாமா, குழந்தைக்கு எப்படி பாடம் சொல்லித்தரணும், பொண்ணுங்களை எப்படி நடத்தணும், ஓடி வந்த அடிமை கதவைத் தட்டினா என்ன பண்ணணும்? இந்தக் கேள்விங்க வழியா போனா பசங்க தானா உள்ள வருவாங்க, ஏன்னா இதுக்கெல்லாம் அவங்ககிட்ட ஏற்கனவே அபிப்பிராயம் இருக்கு.

அதனால முதல் கிளாஸ் எமர்சன் வேண்டாம், தோரோ ஜெயிலுக்குப் போன ராத்திரி. 1846 ஜூலை. அவரு வால்டன் குளத்தங்கரையில இருந்து ரிப்பேருக்கு கொடுத்த ஷூவை வாங்க ஊருக்குள்ள வர்றாரு, சாம் ஸ்டேப்பிள்ஸ்ங்கற கான்ஸ்டபிள், தெரிஞ்ச ஆள்தான், பல வருஷமா கட்டாத தலைவரியைக் கேக்கறாரு, பணம் இல்லைன்னா நான் கட்டறேன்னு கூட சொல்றாரு, தோரோ வேண்டாங்கறாரு, ஜெயில்ல போடறாங்க. அந்த ராத்திரியே யாரோ ஒருத்தர் வரியை கட்டிடறாங்க, அவரோட அத்தைன்னுதான் பொதுவா சொல்லுவாங்க, மறுநாள் காலையில வெளிய விட்டதும் ஷூவை வாங்கிட்டு ஒரு கூட்டத்தோட காட்டுப்பழம் பறிக்கப் போயிடறாரு. நடந்தது அவ்வளவுதான். ஆனா ஏன் கட்டலைங்கறதுக்கு அவரு சொன்ன காரணம்தான் பாடம். அந்த வருஷம் மே மாசம்தான் மெக்சிகோ மேல போர் ஆரம்பிச்சிருக்கு, அடிமை முறை தெற்குப் பக்கம் இன்னும் பரவும்னு பயம், இந்த சர்க்காருக்கு நான் காசு கொடுத்தா அந்தப் பாவத்துல எனக்கும் பங்குன்னு சொல்றாரு. 1848ல ஊர் லைசியத்துல, அதாவது பொதுப் பேச்சு நடத்தற சங்கத்துல, இதை லெக்சரா பேசி, 1849ல எலிசபெத் பீபாடி கொண்டு வந்த ஒரு பத்திரிகையில அச்சாச்சு, அப்ப அதோட தலைப்பு "ரெசிஸ்டன்ஸ் டு சிவில் கவர்ன்மென்ட்". நாம இன்னிக்கு சொல்ற "சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்"ங்கற தலைப்பு 1866ல, அவரு இறந்து நாலு வருஷத்துக்கு அப்புறம் வந்தது.

இங்க ஒரு எச்சரிக்கை. எமர்சன் ஜெயிலுக்கு வந்து "நீ ஏம்பா உள்ள இருக்க"ன்னு கேட்டாராம், தோரோ "நீங்க ஏன் வெளிய இருக்கீங்க"ன்னு கேட்டாராம்னு ஒரு கதை எல்லா நோட்ஸ்லயும் இருக்கும். அது நடந்ததுக்கு ஆதாரம் கிடையாது, கிளாஸ்ல சொல்லாதீங்க. கதை இல்லாமலே கட்டுரை பலமாத்தான் இருக்கு.

பசங்ககிட்ட ஒரே கேள்வி கேளுங்க. ஒரு ராத்திரி ஜெயில், அதுவும் வேற யாரோ காசு கட்டி முடிஞ்சு போனது, இதுக்கு ஏதாவது மதிப்பு இருக்கா? நல்லா சண்டை வரும். சில பேர் இது வெறும் ஷோன்னு சொல்லுவாங்க, சொல்லட்டும். அதுக்கப்புறம் 1907ல தென்னாப்பிரிக்காவுல காந்தி தன்னோட "இண்டியன் ஒப்பீனியன்" பத்திரிகையில இந்தக் கட்டுரையைப் பத்தி எழுதினாருங்கறதையும், பின்னாடி மார்ட்டின் லூதர் கிங் இதை தன்னை மாத்தின கட்டுரைன்னு சொன்னதையும் ஞாபகப்படுத்துங்க. காந்தி சத்தியாகிரகத்தையே தோரோகிட்ட இருந்துதான் எடுத்தாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க, போராட்டம் ஏற்கனவே நடந்துட்டு இருந்தது, ஒரு துணை கிடைச்சது, காந்தியே அதை தெளிவு பண்ணியிருக்காரு.

ரெண்டாவது கிளாஸ் "வால்டன்", அந்தக் குளத்தங்கரையில வாழ்ந்ததைப் பத்தி தோரோ எழுதின புஸ்தகம். இந்தப் புஸ்தகத்தை எல்லாரும் பறவை, குளம், அமைதின்னு ஆரம்பிப்பாங்க, நான் கணக்குல ஆரம்பிக்கச் சொல்லுவேன். முதல் அத்தியாயத்தோட பேரே எகானமி. வீடு கட்ட ஆன செலவை ஒரு லிஸ்டா போட்டு வச்சிருக்காரு, பலகைக்கு இவ்வளவு, ஆணிக்கு 3 டாலர் 90 சென்ட், மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். வீடு 10 அடிக்கு 15 அடி. ரயில் பாதை போட வந்த ஐரிஷ் தொழிலாளி ஒருத்தரோட குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கி பிரிச்சு அந்தப் பலகையில கட்டினது. இதைச் சொல்லிட்டு உடனே, ஹார்வர்ட் இருக்கற கேம்பிரிட்ஜ்ல காலேஜ் ஸ்டூடன்ட் ஒருத்தன் இதைவிட கொஞ்சம்தான் பெரிய ரூமுக்கு வருஷத்துக்கு 30 டாலர் வாடகை கொடுக்கறான்னு எழுதறாரு, அவரே ஹார்வர்டுல 1837ல பட்டம் வாங்கினவரு. ஹாஸ்டல் ஃபீஸ் கட்டற பசங்க இந்த இடத்துல நிமிர்ந்து உக்காருவாங்க.

அப்புறம் ரயில் கணக்கு. ஃபிட்ச்பர்க்ங்கற ஊர் 30 மைல், டிக்கெட் 90 சென்ட், அது கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. நான் இப்பவே நடக்க ஆரம்பிச்சா ராத்திரிக்குள்ள போயிடுவேன், நீ முதல்ல அந்த 90 சென்ட்டை சம்பாதிச்சுட்டு அப்புறம் ரயில் ஏறி நாளைக்கு வருவ, யாரு வேகம்னு கேக்கறாரு. இதுக்குப் பின்னாடி இருக்கற யோசனை என்னன்னா, ஒரு பொருளோட விலைங்கறது அதுக்காக நீ கொடுக்கற உயிரோட அளவு, உடனேயோ பின்னாடியோ. பசங்களை ஆளுக்கொரு பொருள் எடுத்து, ஃபோனோ பைக்கோ, அவங்க வீட்டுல சம்பாதிக்கறவங்களோட எத்தனை நாள் வேலை அதுக்குள்ள போயிருக்குன்னு எழுதச் சொல்லுங்க. படிச்சு காட்டச் சொல்லாதீங்க, எழுதி அவங்களே வச்சுக்கட்டும். சில பேர் வீட்டு நிலைமை அதுல தெரிஞ்சிடும், அது கிளாஸுக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்ல.

இன்டர்நெட்ல எல்லாரும் சொல்ற ஒரு புகார் உண்டு, பசங்களும் கட்டாயம் கேப்பாங்க: அவரு காட்டுலயே இல்ல, அம்மா வீட்டுக்குப் போய் சாப்பிட்டாரு, துணி துவைக்கக் கொடுத்தாரு, எல்லாம் பொய். இதுக்கு பயப்படாம பதில் சொல்லலாம். இடம் எமர்சனுக்குச் சொந்தமானது, ஊர்ல இருந்து ஒன்றரை மைல்தான், பக்கத்துலயே ரயில் போகும், தினமுமோ ரெண்டு நாளைக்கு ஒரு தடவையோ ஊருக்குள்ள போய் வம்பு பேச்சு கேட்டுட்டு வருவேன்னு அவரே புஸ்தகத்துல எழுதியிருக்காரு, மறைக்கல. அவரு சன்னியாசின்னு சொல்லிக்கல. 1845 ஜூலை 4ல இருந்து 1847 செப்டம்பர் 6 வரைக்கும் ஒரு பரிசோதனை, எவ்வளவு கம்மியா வச்சுக்கிட்டு வாழ முடியும்னு, முடிஞ்சதும் கிளம்பிட்டாரு, வேற சில வாழ்க்கையும் வாழ வேண்டியிருக்குன்னு சொல்லிட்டு. ஆனா புகார்ல ஒரு நியாயம் இருக்கு, துவைச்ச கை யாரோடதுங்கறது. அதை நான் பின்னாடி வர்ற ஆல்காட் விஷயத்துல திரும்ப எடுக்கறேன், அங்க அது இன்னும் பெரிய கேள்வி.

"வால்டன்"ல கட்டாயம் படிக்க வைக்க வேண்டிய, ஆனா சிலபஸ்ல வராத பகுதி ஒண்ணு இருக்கு, பழைய குடியிருப்பாளர்களைப் பத்தின அத்தியாயம். அந்தக் காட்டுல தனக்கு முன்னாடி யாரெல்லாம் இருந்தாங்கன்னு தேடறாரு, கேட்டோ இங்கிரஹாம், ஜில்ஃபா, பிரிஸ்டர் ஃப்ரீமேன், முன்னாடி அடிமையா இருந்த கறுப்பின மக்கள், ஊருக்கு வெளிய ஒதுக்கப்பட்டு அந்தக் காட்டோரத்துல வாழ்ந்தவங்க. வடக்குல அடிமை முறையே இருந்ததில்லைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கற பசங்களுக்கு இது பெரிய விஷயம். நிலத்துல மிச்சமிருக்கற கிணத்துப் பள்ளம், செடி இதையெல்லாம் வச்சு அந்த மனுஷங்களை எழுதறாரு, எனக்கு அந்தப் புஸ்தகத்துல ரொம்பப் பிடிச்ச பக்கங்கள் அவைதான்.

இப்ப மூணாவது கிளாஸ்ல எமர்சன்கிட்ட வரலாம், பசங்க இப்ப தயாரா இருப்பாங்க. அவரையும் கட்டுரைக்கு முன்னாடி மனுஷனா கொண்டு வாங்க. அப்பா பாதிரியார், இவரும் 1829ல பாஸ்டன்ல செகண்ட் சர்ச்சுல பாதிரியார் ஆனாரு, அதே வருஷம் எல்லன்னு ஒரு பொண்ணைக் கல்யாணம் பண்ணினாரு, 1831ல அந்தப் பொண்ணு காசநோய்ல செத்துப் போச்சு, பத்தொன்பது வயசு. 1832ல, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கற அந்தச் சர்ச் சடங்கை மனசாட்சிக்கு ஒத்து இனிமே என்னால நடத்த முடியாதுன்னு சொல்லி வேலையை விட்டாரு. கப்பல் ஏறி ஐரோப்பா போறாரு, வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், கார்லைல்னு அங்க இருந்த எழுத்தாளர்கள் எல்லாரையும் பாக்கறாரு, திரும்பி வந்து சம்பளத்துக்கு லெக்சர் கொடுக்கற ஆளா மாறறாரு. 1836ல "நேச்சர்"ங்கற அவரோட புஸ்தகம் வருது, பேர் கூட போடாம. கிறிஸ்துவத்துக்குள்ள யூனிட்டேரியன்னு ஒரு பிரிவு, அந்தக் காலத்துக்கு முற்போக்கானதுதான், அறிவுக்கு ஒத்துவர்ற மதம், ஆனா அது ரொம்ப சில்லுன்னு, உயிரில்லாம போச்சுன்னு இந்த இளைஞர்களுக்குப் பட்டது. மனசுங்கறது வெத்துப் பலகை, வெளிய இருந்து வர்றதுதான் அதுல எழுதப்படும்னு ஜான் லாக்ங்கற இங்கிலீஷ் தத்துவவாதி சொன்னதுலதான் அந்தப் படிப்பு முழுக்க நின்னது, இவங்க அதைத்தான் மறுத்தாங்க, மனசு தானாவே சிலதை அறியும்னாங்க. கான்ட்டை நீங்க இந்த இடத்துல ரெண்டே வாக்கியத்துல சொன்னா போதும், கோல்ரிட்ஜ் வழியாத்தான் பெரும்பாலும் இவங்களுக்கு அது வந்து சேர்ந்ததுங்கறதையும் சேர்த்து.

சண்டை வெடிச்சது 1838 ஜூலை 15, ஹார்வர்ட் டிவினிட்டி ஸ்கூல்ல. பாதிரியாரா ஆகப்போற சின்னக் கூட்டம், மாணவர்களே கூப்பிட்டாங்க. அங்க போய் எமர்சன், இயேசுவோட ஆளையே பெருசாக்கிட்டு அவரு சொன்னதை விட்டுட்டீங்க, கடவுள் அன்னிக்குப் பேசினாரு இன்னிக்குப் பேசலைங்கற மாதிரி பிரசங்கம் பண்றீங்க, அற்புதங்கற வார்த்தையை சர்ச்சுங்க சொல்ற விதமே அதைக் கோரமாக்கிடுதுன்னு பேசிட்டாரு. பெரிய பேராசிரியர்கள் எல்லாம் எதிர்த்து எழுதினாங்க, கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஹார்வர்ட் அவரைப் பேசக் கூப்பிடல. நான் சொல்றது, "செல்ஃப் ரிலையன்ஸ்" படிக்கறதுக்கு முன்னாடி இது பசங்களுக்குத் தெரியணும். 1841ல வந்த அந்தக் கட்டுரையில ஊர் உன்னை வெறுப்போட பாக்கும்னு அவரு எழுதும்போது அது அனுபவம்.

கட்டுரை ஏன் பிடிபட மாட்டேங்குதுன்னா, அது எழுதப்பட்ட விதம் அப்படி. எமர்சன் பல வருஷமா டைரி எழுதினாரு, அதை தன்னோட சேவிங்ஸ் பேங்க்னு சொல்லுவாரு, வேற வேற நாள்ல எழுதின வாக்கியங்களை எடுத்து லெக்சரா கோத்து, லெக்சரை கட்டுரையா கோத்து வச்சாரு. அதனால ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பாலம் இருக்காது. முதல்ல இருந்து கடைசி வரை வரிசையா விளக்கினா நீங்களும் களைச்சுப் போவீங்க. ஆளுக்கு ஒரு வாக்கியம் எடுத்துக்கச் சொல்லுங்க, அதை தன் சொந்தத் தமிழ்ல சொல்லி, ஒத்துக்கறேன் இல்ல ஒத்துக்கலைன்னு காரணத்தோட பேசச் சொல்லுங்க. இந்தக் கட்டுரைக்கு அதுதான் சரியான வாசிப்பு, பேசறதுக்காகச் செஞ்ச வாக்கியங்கள் அவை.

ஒரு வாக்கியத்தை மட்டும் நீங்களே எடுத்து வைங்க, நல்ல மனுஷன் ஒருத்தன் ஏழைகளைப் பத்திச் சொன்னதுக்கு அவரு திருப்பி, அவங்க என்னோட ஏழைகளான்னு கேக்கற இடம். கேக்க கொடூரமா இருக்கும். மோட்டிவேஷன் போஸ்டர்ல வர்ற எமர்சன் இல்ல இது. இந்த இடத்துல கிளாஸ் நின்னு யோசிக்கணும், தன்னை நம்புங்கறது சுயநலமா மாறாம இருக்க எது தடுக்குது? பதில் அதே தொகுப்புல "ஓவர் சோல்" கட்டுரையில இருக்கு. எல்லாருக்குள்ளயும் ஆழத்துல இருக்கறது ஒண்ணேதான், நீ உன் அடி ஆழத்தை நம்பினா அது எல்லாருக்கும் பொதுவானதைத்தான் நம்பறங்கறாரு. அந்த நம்பிக்கை இருந்தாத்தான் "செல்ஃப் ரிலையன்ஸ்" நிக்கும், அதை எடுத்துட்டா வெறும் நான் நான்னு ஆயிடும். ரெண்டையும் சேர்த்து நடத்தாம விடறதுதான் நம்ம காலேஜுங்கள்ல நடக்கற பெரிய தப்புன்னு நான் நினைக்கறேன். நேரம் இருந்தா 1844ல வந்த "எக்ஸ்பீரியன்ஸ்"ல ஒரு பக்கம். நடுவுல 1842 ஜனவரில அஞ்சு வயசுப் பையன் வால்டோ ஸ்கார்லெட் காய்ச்சல்ல போயிட்டான், துக்கம் எனக்கு எதையும் கத்துத் தரலைங்கறதுதான் எனக்குத் துக்கம்னு எழுதறாரு. நம்பிக்கையாவே பேசிட்டு இருந்த ஆள் இப்படி எழுதறதைப் பாத்தா பசங்களுக்கு அவரு மேல மரியாதை வரும்.

இந்தக் குழுவுல இருந்த பெண் எழுத்தாளர் மார்கரெட் ஃபுல்லரை அரை மணி நேரத்துல முடிக்காதீங்க, முழு கிளாஸ் கொடுங்க. 1810ல பொறந்தவங்க, அப்பா ஆறு வயசுலயே லத்தீன் சொல்லிக்கொடுத்தாரு, ஆனா ஹார்வர்ட் பொண்ணுங்களைச் சேத்துக்காது. 1839ல பாஸ்டன்ல பெண்களுக்காக காசு வாங்கிக்கிட்டு "கான்வர்சேஷன்ஸ்"னு நடத்த ஆரம்பிச்சாங்க, பாடம் எடுக்கறது இல்ல, கேள்வி கேட்டு ஒவ்வொருத்தரையும் பேச வைக்கறது. பொண்ணுங்க படிக்கறாங்க, ஆனா படிச்சதை வச்சு யோசிச்சுப் பேச யாரும் அவங்களைக் கேக்கறதில்லைன்னாங்க. 1840ல இந்தக் குழு தன்னோட "த டயல்" பத்திரிகையை ஆரம்பிச்சப்ப முதல் எடிட்டர் அவங்கதான், சம்பளம் ஒழுங்கா வந்ததே இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு எமர்சன் எடுத்துக்கிட்டாரு, 1844ல நின்னு போச்சு. 1843ல அதுல எழுதின கட்டுரையை விரிச்சுத்தான் 1845ல "உமன் இன் த நைன்டீன்த் செஞ்சுரி" வந்தது. பொண்ணுங்க வேணும்னா கப்பல் கேப்டனாவே இருக்கட்டும்னு அதுல வர்ற வரிக்கு அந்தக் காலத்துல கிடைச்ச எரிச்சல் கொஞ்சநஞ்சமில்ல. எமர்சன் சொன்ன அதே எண்ணம்தான், ஒவ்வொரு ஆத்மாவுக்குள்ளயும் வழி இருக்கு, ஆனா அப்படின்னா பொண்ணுக்கு ஏன் கதவு மூடியிருக்குன்னு கேட்டது இவங்கதான். அப்புறம் நியூயார்க் ட்ரிப்யூன் பேப்பர்ல வேலை, ஐரோப்பாவுல இருந்து செய்தி எழுதினது, 1849ல ரோம் குடியரசு முற்றுகையில ஆஸ்பத்திரியில காயம் பட்டவங்களைப் பாத்துக்கிட்டது, 1850 ஜூலைல திரும்பி வர்றப்ப நியூயார்க் கரைக்குப் பக்கத்துலயே கப்பல் உடைஞ்சு கணவர், குழந்தையோட போயிட்டாங்க. ரோம் பத்தி எழுதின கையெழுத்துப் பிரதியும் கிடைக்கல, தேடிப் பாக்க எமர்சன் தோரோவைத்தான் அனுப்பினாரு.

இந்தக் குழுவுல இருந்த வாத்தியார் பிரான்சன் ஆல்காட் பத்தி சுருக்கமா. 1834ல பாஸ்டன்ல டெம்பிள் ஸ்கூல் ஆரம்பிச்சாரு, மனப்பாடம் கிடையாது, குழந்தைகிட்ட கேள்வி கேட்டு அது என்ன நினைக்குதுன்னு கேக்கறது, தப்பு பண்ணின பையனை அடிக்கறதுக்குப் பதிலா அவனை விட்டு தன் கையில அடிக்கச் சொன்னாரு. பைபிள் பத்தி குழந்தைங்க பேசினதைப் புஸ்தகமா போட்டதும் ஊர் கொதிச்சுது, ஸ்கூல் கரைஞ்சு போச்சு. பின்னாடி ஒரு கறுப்பினக் குழந்தையைச் சேத்தாரு, மத்தவங்க பிள்ளைங்களை நிறுத்திட்டாங்க, அவரு அந்தக் குழந்தையை வெளிய அனுப்பல. இது வரைக்கும் பெரிய மனுஷன். 1843ல ஃப்ரூட்லேண்ட்ஸ்னு ஒரு கூட்டு வாழ்க்கை ஆரம்பிச்சாரு, இறைச்சி இல்ல, பால் இல்ல, மாட்டை உழவுக்குக் கட்டக் கூடாது, அடிமைங்க பறிச்ச பருத்தித் துணி கூடாது. கொள்கை அருமை. ஆனா ஆம்பளைங்க தத்துவம் பேசப் போயிடுவாங்க, சமையல், துணி, குழந்தைங்க, அறுவடை எல்லாம் அவரோட மனைவி அபா தலையில. குளிர்காலம் வந்ததும் ஏழு மாசத்துல முடிஞ்சுது. அங்க பத்து வயசுல இருந்த பொண்ணுதான் "லிட்டில் விமென்" எழுதின லூயிசா மே ஆல்காட், பின்னாடி 1873ல "டிரான்ஸென்டென்டல் வைல்ட் ஓட்ஸ்"னு அந்த அனுபவத்தை எழுதினாங்க. சின்னக் கதை, எளிமையான இங்கிலீஷ், பசங்களால தானே படிக்க முடியும், கட்டாயம் கொடுங்க. தோரோவோட துணியை யாரு துவைச்சாங்கங்கற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இதே மாதிரி இன்னொரு கூட்டு வாழ்க்கைப் பண்ணையான புரூக் ஃபார்மை ஒரு வரில சொல்லிட்டு விட்டுடலாம்.

அடிமை முறை விஷயத்துலயும் இவங்க வீடுகள்ல இருந்த பொம்பளைங்கதான் முன்னாடி போனாங்க. 1837ல கான்கார்ட்ல பெண்கள் அடிமை எதிர்ப்புச் சங்கம் ஆரம்பிச்சவங்கள்ல தோரோவோட அம்மா, அக்கா, தங்கை, எமர்சனோட ரெண்டாவது மனைவி லிடியன் எல்லாரும் உண்டு. எமர்சன் 1838லயே செரோக்கீங்கற பூர்வகுடி மக்களை அவங்க நிலத்துல இருந்து துரத்தறதை எதிர்த்து ஜனாதிபதி வான் பியூரனுக்குக் கடிதம் எழுதினாரு, ஆனா அடிமை முறைக்கு எதிரா முழுசா இறங்கிப் பேச 1844 வரைக்கும் எடுத்துக்கிட்டாரு. 1850ல ஓடிப்போன அடிமையைப் பிடிச்சுக் கொடுக்கணும்னு சட்டம் வந்ததும் எல்லாருக்கும் வேற வழியில்லாம போச்சு. 1854 ஜூலை 4 ஃப்ரேமிங்ஹாம்ல தோரோ பேசின கூட்டத்துலதான் அடிமை எதிர்ப்புத் தலைவர் கேரிசன் அரசியல் சாசனத்தோட பிரதியை எரிச்சாரு. 1859ல அடிமை முறையை ஒழிக்க ஜான் பிரவுன் ஆயுதத்தோட இறங்கினப்ப, ஜெயிலுக்கு அமைதியா போன அதே தோரோ பகிரங்கமா அவருக்கு ஆதரவா பேசினாரு. இதை மறைச்சுட்டு தோரோவை அகிம்சைவாதியா மட்டும் காட்டறது சரியில்ல.

இப்ப நம்ம பசங்க கட்டாயம் சொல்லப்போற விஷயம்: "இது நம்ம அத்வைதம்தானே, கீதையில இருந்து எடுத்ததுதானே." தொடர்பு உண்மை. ஆனா தேதி பாக்கணும். "நேச்சர்" 1836, டிவினிட்டி ஸ்கூல் பேச்சு 1838, "செல்ஃப் ரிலையன்ஸ்" 1841, வில்கின்ஸ் 1785ல இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த கீதை எமர்சன் கைக்கு வந்தது 1845. அதுக்கு முன்னாடி மனு, ஹிதோபதேசம்னு துண்டு துண்டா படிச்சு "டயல்"லயும் போட்டிருக்காங்க, இருந்தாலும் அடித்தளம் அவங்க சர்ச் சண்டை, பிளேட்டோ, கோல்ரிட்ஜ் வழியா வந்தது. தேடிக்கிட்டு இருந்தவங்களுக்கு இந்தியாவுல இருந்து ஒரு உறுதி கிடைச்சுது, 1857ல வந்த "பிரம்மா" கவிதை அந்த நன்றி. தோரோ கீதையை ரொம்ப மதிச்சாரு, ஆனா 1849ல வந்த தன்னோட முதல் புஸ்தகத்துல, அர்ஜுனன் ஏன் சண்டை போடணுங்கறதுக்கு கிருஷ்ணன் சொல்ற காரணம் போதாதுன்னு நேராவே எழுதறாரு. இதைச் சொன்னா கிளாஸ்ல பேச்சு சூடாகும், ஆகட்டும். நம்மகிட்ட இருந்து எடுத்தாங்கன்னு பெருமைப்படறதைவிட, படிச்சுட்டு எதிர்க்கேள்வி கேட்டாங்கங்கறது இன்னும் பெரிய மரியாதை.

மெட்ராஸும் "வால்டன்"ல வருது. 1846-47 குளிர்காலத்துல நூறு ஐரிஷ் தொழிலாளிங்க அந்தக் குளத்துல ஐஸ் வெட்டினாங்க, அதைப் பாத்துக்கிட்டே, சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா ஜனங்க எல்லாம் என் கிணத்துத் தண்ணியைக் குடிக்கறாங்க போலன்னு எழுதறாரு. காலையில கீதை படிக்கறது, வால்டன் தண்ணி கங்கையோட கலக்கறது எல்லாம் அந்தப் பக்கத்துலதான். அன்னிக்கு வெட்டின பத்தாயிரம் டன்னுல பெரும்பகுதி அங்கயே கரைஞ்சு குளத்துக்கே திரும்பிடுச்சுன்னும் அவரே சொல்றாரு. ஆனா நியூ இங்கிலாந்து ஐஸ் மெட்ராஸ் வந்தது நிஜம், ஐஸ் ஏத்துமதி பண்ணின ட்யூடர் கம்பெனி அதைச் சேத்து வச்ச கட்டடம்தான் திருவல்லிக்கேணி கடற்கரையில இருக்கற ஐஸ் ஹவுஸ், 1897ல விவேகானந்தர் தங்கி இன்னிக்கு விவேகானந்தர் இல்லம்னு இருக்கறது. மெட்ராஸ் பசங்கன்னா அந்தப் பத்தியை அங்க கூட்டிட்டுப் போய் வாசிக்கலாம்.

கவிஞர் வால்ட் விட்மனைத் தனி யூனிட்டா நடத்துவீங்க, அதனால 1855ல முகம் தெரியாத ஒருத்தன் அனுப்பின "லீவ்ஸ் ஆஃப் கிராஸ்" கவிதைத் தொகுப்புக்கு எமர்சன் எழுதின வாழ்த்துக் கடிதத்தை மட்டும் இங்க சொல்லி வைங்க. பாரதி விட்மனைப் பத்தி எழுதினதும், ந. பிச்சமூர்த்தி விட்மனைப் படிச்சு வசன கவிதைக்கு வந்ததும் தெரிஞ்ச பசங்களுக்கு இந்தக் கோடு அவங்க மொழி வரைக்கும் நீளும். எதிர்ப்பக்கத்துக்கு கதாசிரியர் ஹாதார்ன், அதே கான்கார்ட்ல குடியிருந்தவரு, 1843ல "செலஸ்டியல் ரெயில்ரோட்"ங்கற கதையில பனிமூட்டமா உருவமே தெரியாத ஒரு ராட்சசனுக்கு டிரான்ஸென்டென்டலிஸ்ட்னு பேர் வச்சாரு. மனுஷனுக்குள்ள இருக்கற தீமையை இவங்க கணக்குல எடுக்கலைங்கற அவரோட குறையை ஒரு பையனாவது எழுந்து வாதாடட்டும், அது வலுவான குறை.

டெஃபனிஷன் கடைசி கிளாஸ்ல, அதுவும் நீங்க சொல்லாதீங்க, அவங்களே எழுதட்டும், தோரோ, எமர்சன், ஃபுல்லர், ஆல்காட் நாலு பேருக்கும் பொருந்தற மாதிரி ரெண்டு வாக்கியம். கைடுல இருக்கறதைவிட நல்லா வரும், எக்ஸாமுக்கும் அது போதும். "நேச்சர்"ல வர்ற கண்ணாகவே ஆகிப்போற அந்தப் புகழ்பெற்ற பத்தி சிலபஸ்ல இருந்தா அதையும் அன்னிக்கே வைங்க, முதல் நாள்ல வச்சா அது வெறும் விசித்திரம், கடைசி நாள்ல வேலையை விட்ட, மனைவியை இழந்த ஒரு ஆள் எழுதினதுன்னு தெரிஞ்சு படிப்பாங்க. கிளாஸ் கம்மியா இருந்து எதையாவது வெட்டணும்னா புரூக் ஃபார்ம், ஹாதார்ன் ரெண்டையும் வெட்டுங்க, ஐஸ் கதையைக் கூட வெட்டுங்க, ஃபுல்லரை மட்டும் வெட்டாதீங்க, உங்க கிளாஸ்ல பாதிக்கு மேல பொண்ணுங்கதான் இருப்பாங்க.